பூட்டிய பேழைக்குள் உயிர்காப்பா?

அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் ஏ.இ.டி. எனும் இதய மின்னதிர்ச்சிக் கருவியைக் கண்டேன். எங்கே? அலுவலக அறையில், பூட்டிய கண்ணாடிப் பேழைக்குள்! "சாவி மேனேஜர்கிட்ட இருக்கு சார். தெரியாதவங்க தொட்டா ஆபத்து" என்றார் பணியாளர்.

என்ன அறியாமை ஐயா இது! இதயம் நின்று விழுந்தவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிட்டாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. கருவியோ இதயத்துடிப்பைத் தானே ஆராய்ந்து, தேவையெனில் மட்டுமே அதிர்ச்சி செலுத்தவிடும். செய்யவேண்டியதைக் குரலிலேயே சொல்லித்தரும். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கும் அது விளங்கும். ஒருவர் 999-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்த, மூன்றாமவர் மேலாளரைத் தேடி வாகன நிறுத்துமிடத்தில் அலைவதா?

பூட்டை அகற்றுமாறு மண்டபத்தாருக்குக் கடிதம் எழுதியுள்ளேன். இன்னும் மறுமொழி இல்லை.