மலிவு வேறு, மிச்சம் வேறு

கனிந்துபோன தக்காளியைக் கூறு கணக்கில் வாங்கிக் குடும்பம் நடத்துவதைச் ‘சிக்கனம்’ என்று பாராட்டுகிறார்கள். நம்ம படித்த பிள்ளைகள் சிலருக்கோ அது அவமானமாகத் தெரிகிறது. “வீசியெறிகிற மிச்சத்தைத் தின்னாதீர்கள்னு 1927-ல் மகாத்தில் அம்பேத்கர் சொன்னாரே, அழுகப்போறதை வாங்கித் தின்பது மட்டும் சரியா?” என்று ஒரு மாணவத் தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில்: மிச்சம் வேறு, மலிவு வேறு.

மிச்சம், குனிந்து கை நீட்டினால் கிடைப்பது. போடுகிறவன் ஆண்டை, வாங்குகிறவன் அடிமை என்கிற உறவு அதற்குள் இருக்கு. கூறுத் தக்காளி காசுக்கு வாங்குவது. பேரம் பேசலாம், சொத்தையை மாற்றச் சொல்லலாம், பிடிக்காட்டி அடுத்த கூறுக்குப் போகலாம். அதுமட்டுமா? ஒட்டன்சத்திரம் சந்தையில் வந்து இறங்குகிற பெட்டிகளை நிரப்பியது யார்? குனிந்து பறித்த கூலிப் பெண்கள். அதில் நிலமில்லாத நம்ம பெண்களும் உண்டு.

இந்த மலிவுக்குப் பின்னால் ஓர் அறிவு இருக்கு. சாயங்காலம் வாங்கியதை அன்று ராத்திரியே தரம் பிரிக்கணும். பூசணம் பிடித்ததை முழுசாகத் தூக்கிப் போடணும். நசுங்கியது ரசத்துக்கு. கெட்டியானதை நறுக்கி உப்புப் போட்டு நல்ல வெயிலில் சுக்காகக் காயவைத்தால் வற்றல். மீதியை மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளி சேர்த்து எண்ணெய் பிரிகிற வரைக்கும் சுண்டக் கிண்டினால் தொக்கு. பழைய சோற்றுக்கும் களிக்கும் நாலைந்து நாள் ஓடும். இதை எங்க அம்மாவுக்கு எந்த மனையியல் புத்தகமும் சொல்லித் தரலை. ஆனால் பகலெல்லாம் கூலிக்குப் போன உடம்பு ராத்திரி அடுப்படியில் நிற்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? வங்கியில் பற்று வரவு பார்க்கிற எனக்கு அதற்கென்று ஒரு பத்தி இதுவரை கிடைக்கவில்லை. ஆண் தோழர்கள் அந்தக் கரண்டியைக் கையில் வாங்குவதும் அரசியல்தான்.

இனி அரசுக்கு வருவோம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. உடனே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். நல்லது. விலை விழுகிறபோது? பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டாமல் விவசாயி ரோட்டோரம் கொட்டுகிறார். அதே ரோட்டில் கொஞ்ச தூரத்தில் ஆதிதிராவிடர் நலத் துறையின் மாணவர் விடுதி இருக்கும். அங்கே சாம்பாரில் தக்காளியைத் தேடணும். விலை ஏறினால் கண் திறக்கிற அரசு, இறங்கினால் ஏன் மூடிக்கொள்கிறது?

விலை சரிகிற நாட்களில் அரசே நியாய விலைக்குக் கொள்முதல் செய்து விடுதிகளுக்கும் சத்துணவுக் கூடங்களுக்கும் அனுப்பட்டும். மாணவத் தோழர்கள் இதைக் கோரிக்கையாக எழுதிக் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோகணும். ரோட்டில் கொட்டிய பிறகு பொறுக்கினால் அது மிச்சம். கொட்டுவதற்கு முன்னாடி கேட்டு வாங்கினால் அது நம்ம பங்கு.