நாலாவதுல சத்தம் வருதாடா?

கைவேலை மனதுக்கு நல்லது என்று எழுதும் மென்பொருள் பொறியாளர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. சமீபம் வரை நானும் அப்படி எழுதத் தயாராக இருந்தவன் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் 1972 மாடல் எம்ஜிபி ஒன்றை வாங்கினேன். கூரையைத் திறந்து ஓட்டும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை, இங்கிருந்து அதிக தூரமில்லாத அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். போன குளிர்காலத்தில் அதன் கியர்பாக்ஸ் உறும ஆரம்பித்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் பல் நறநறவென்று கடித்தது. இந்த வண்டியில் கியர்பாக்ஸை மட்டும் தனியாகக் கீழே இறக்க முடியாது. எஞ்சினோடு சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும். அவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன், சத்தத்தைப் பதிவு செய்து பெரியப்பா மகனுக்கு அனுப்பினேன்.

அண்ணன் நாமக்கல்லில் லாரி கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஸ்பேனர் பிடித்தவர். எம்ஜிபி என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்படுகிறார். கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நாலாவதுல சத்தம் வருதாடா?”

“இல்லண்ணே. ஒண்ணு ரெண்டு மூணுலதான்.”

“அப்ப லே ஷாஃப்ட்டு. பேரிங் போயிருக்கும். ரெண்டாவது கடிக்கறது சின்க்ரோ ரிங்கு. ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் பிரி.”

இது மந்திரமில்லை. இந்த மாதிரி நாலு கியர் பெட்டியில் நாலாவது நேரடி கியர். எஞ்சினின் சுழற்சி உள்ளே வரும் தண்டிலிருந்து வெளியே போகும் தண்டுக்கு நேராகப் போய்விடும். கீழே இருக்கும் லே ஷாஃப்ட்டில் பற்கள் சும்மா சுற்றும், பாரம் இருக்காது. மற்ற மூன்று கியர்களில் முழுப் பாரமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆக நாலாவதில் சத்தம் அடங்கினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். பெட்டியைத் தொடாமலேயே ஒரு கேள்வியில் பாதிப் பெட்டியை விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டார். என் தொழிலில் இதற்கு பைனரி சர்ச் என்று பெயர். இப்படி யோசிக்கத் தெரிகிறதா என்று பார்க்க நாங்கள் ஐந்து சுற்று நேர்காணல் நடத்துகிறோம்.

நான் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவன். இதே கியர்பாக்ஸின் சக்தி போகும் பாதையைப் படம் வரைந்து 16 மார்க் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தைக் கொண்டு ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நாலு வருடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கல்லூரியில் குறுக்கே வெட்டிய கியர்பாக்ஸ் ஒன்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், பூட்டி. ஒர்க்‌ஷாப் லேபில் நாங்கள் கோணலாக ராவிய இரும்புத் துண்டுகளை மாலையில் உட்கார்ந்து சரிசெய்து தந்தவர் ஐடிஐ படித்த ஒருவர். பாடம் நடத்தியவர்களை ‘சார்’ என்றோம். இவரை ‘அண்ணா’ என்றோம். அது பாசம் என்று அப்போது நினைத்தேன். அது ஒரு படிநிலை.

பெட்டியைப் பிரித்தேன். அண்ணன் சொன்ன இரண்டும் தேய்ந்திருந்தன. சின்க்ரோ ரிங் என்பது உள்ளே சரிவாகக் கடைந்த வெண்கல வளையம். கியரின் கூம்பில் உரசி, இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை அடுத்ததை உள்ளே விடாமல் மறித்து நிற்கும். தேய்ந்துவிட்டால் மறிக்காது, பல்லோடு பல் மோதும். வாரக்கடைசிகளாகப் பார்த்து இரண்டு மாதம் வேலை செய்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. கிரீஸ் அப்பிய என் கையைப் படம் எடுத்துப் பெருமையாக அண்ணனுக்கு அனுப்பினேன்.

“கைய மொதல்ல கழுவுடா. பையன்கிட்ட காட்டிட்டேன்னா அவனும் பட்டறைக்கு வர்றேம்பான்.”

அவர் மகனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்திருக்கிறார். பட்டறை வாசலைக்கூட மிதிக்க விடுவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். என் கையில் இருக்கும் கிரீஸ் தியானம். அவர் கையில் இருக்கும் அதே கிரீஸ், பெண் பார்க்கப் போனபோது இரண்டு வீடுகளில் தட்டிக்கழிக்கக் காரணமாக இருந்தது. என் பேரிங் சரியாக உட்காரவில்லையென்றால் திங்கட்கிழமை ரயிலில் வேலைக்குப் போவேன். அவர் போட்ட பேரிங் சரியில்லையென்றால் ஒரு லாரி சரக்கோடு நடுரோட்டில் நிற்கும், முதலாளி அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டுவார். என் நிம்மதி கைவேலையிலிருந்து வரவில்லை. பிழைப்புக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை என்பதிலிருந்து வந்தது.

மாத்யூ கிராஃபோர்டு 2009இல் எழுதிய ‘ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்’ நூலை நம் ஆட்கள் சிலாகிப்பார்கள். தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்தவர். பழுது பார்ப்பதில் மூளை வேலை இருக்கிறது என்பது அவர் வாதம். நாம் வாதத்தை விட்டுவிட்டு மன அமைதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அறிவு என்று ஒப்புக்கொண்டால் அதற்குச் சம்பளமும் மரியாதையும் தரவேண்டி வரும். தியானம் என்றால் செலவில்லை.

‘எல்லோரும் வாரம் ஒருநாள் கையால் ஏதாவது செய்யுங்கள்’ என்ற அறிவுரை யாருக்கு? ஆறு நாள் கையால் மட்டுமே செய்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? நம் ஊரில் எந்தக் கைகள் கருவி பிடிக்கும், எந்தக் கைகள் பேனா பிடிக்கும் என்று தீர்மானித்தது எது என்பதையும் நாம் அறியாதவர்கள் இல்லை. அதைப் பேசாமல் கைவேலையின் அழகைப் பேசுவது, கண்ணாடிப் பெட்டிக்குள் கியர்பாக்ஸை வைத்துப் பூட்டுவது மாதிரிதான்.

வண்டி இப்போது நாலு கியரிலும் அமைதியாக ஓடுகிறது. முதல் ஓட்டம் முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்படியே கேட்டேன்: “காலேஜ்ல வந்து பாடம் எடுக்கக் கூப்பிட்டா போவீங்களாண்ணே?”

சிரித்தார். “நான் ரெடிதான். கேட்டுல வாட்ச்மேன் விடணுமே?”