தராசில் ஏறிய மனு

1774இல் கல்கத்தாவில் வெள்ளையர் நிறுவிய உச்ச நீதிமன்றத்தைச் சமநீதியின் விடிவெள்ளி என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: விடிந்தது யாருக்கு?

ஹேஸ்டிங்சு மீது இலஞ்சக் குற்றம் சாட்டிய நந்தகுமாரை, பொய்ப் பத்திர வழக்கில் 1775இல் அம்மன்றம் தூக்குக்கு அனுப்பியது. பார்ப்பனரைக் கொல்லலாகாது என்னும் மனுவின் விதியை அன்று அது பொருட்படுத்தவில்லை. தூக்குமேடையில் தோற்ற மனு, சொத்து வழக்கில் வென்றான்! வாரிசுரிமையில் இந்துக்களுக்கு அவர்தம் சட்டமும் வழக்கமுமே செல்லும் என்றது 1781ஆம் ஆண்டுச் சட்டம். எது அவர்தம் சட்டம்? பண்டிதர் காட்டிய வடமொழி ஏடு! பண்டிதரை நம்பாத நீதிபதி வில்லியம் ஜோன்சு, தாமே வடமொழி கற்று 1794இல் மனுவை ஆங்கிலமாக்கினார். பண்டிதரை ஐயுற்றவர், அந்த ஏட்டை ஐயுறவில்லையே! மனைவிக்கும் அடிமைக்கும் உடைமையில்லை என்னும் நூல், உடைமை வழக்குக்கு அளவுகோலாம்!

மன்றம் 1862இல் மறைந்தது. தமிழகத்து மகள் குடும்பச் சொத்தில் பிறப்புரிமைப் பங்கு பெற்றதோ 1989இல்தான்.