வொர்லித் தவளையும் நாமும்

2024 ஏப்ரலில் வாசுகிப் பாம்பு மும்பைத் தமிழர்களான நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய ஓட்டம் நினைவிருக்கும். கட்ச்சில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முதுகெலும்புகள். வயது 4 கோடியே 70 லட்சம் ஆண்டு. நீளம் 11 முதல் 15 மீட்டர் இருக்கலாமாம். சிவன் கழுத்துப் பாம்பின் பேர் வேறு. மாட்டுங்கா மாமாக்களும் தாராவித் தம்பிகளும் போட்டி போட்டு அனுப்பினோம். 2005-இல் எடுத்த எலும்பை முதலையுடையது என்று நினைத்துப் பல வருஷம் கிடப்பில் போட்டிருந்தார்கள் என்று படித்ததும் உச்சுக்கொட்டினோம்.

உச்சுக்கொட்ட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மும்பை ஏழு தீவாக இருந்த காலத்தில் அதில் ஒன்று வொர்லி. அதற்கெல்லாம் வெகு முன்பே அங்கே எரிமலைக் குழம்பு ஒருமுறை உறைந்து, அடுத்த முறை பொங்குவதற்குள் ஒரு குட்டை தேங்கியிருக்கிறது. அதன் சேறுதான் இன்று கருங்கல் அடுக்குகளுக்கு நடுவே ஏடு ஏடாகப் பிரியும் மெல்லிய கறுப்புக் கல். ஏட்டைப் பிரித்தால் நெத்திலி முள்போல நொய்ந்த எலும்புகள். ஒன்றல்ல, கூட்டங்கூட்டமாகச் சின்னஞ்சிறு தவளைகள். வயது 6 கோடி ஆண்டுக்கு மேல். அப்போது இந்தியாவே கடலில் நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெருந்தீவு. டைனோசருக்குப் பேர் வைத்த ரிச்சர்ட் ஓவன் 1847-இல் லண்டனில் இந்தத் தவளையை விவரித்தார். 1930-இல் அமெரிக்கரான நோபிள் மறுபடி ஆராய்ந்து இண்டோபேட்ராகஸ் என்று தனிப்பேரினமே ஆக்கினார். ஆஸ்திரேலியத் தவளைகளோடு இதற்கு உறவு என்பது அவர் கணிப்பு. உயிரோடு இதை எந்த மனிதனும் பார்த்ததில்லை. கல்லில் இருப்பதுதான் மிச்சம்.

இத்தனை நடந்தும் செம்பூரில் ஒரு வீட்டுப் பிள்ளைக்காவது இது தெரியுமா? நாம் சொல்லவில்லை. கீழடிப் பானை ஓட்டின் வயதை நம் பட்டிமன்றங்களில் குரல் உயர்த்திச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். காலடியில் கிடந்ததைப் பற்றி ஒரு கூட்டம் போட்டதில்லை. மூன்று தலைமுறையாகியும் நமக்கு ஊர் என்றால் திருநெல்வேலிதான். மும்பை பிழைக்க வந்த இடம். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவதுபோல இந்த மண்ணின் பழமையிலும் கை வைக்காமல் ஒதுங்கிவிட்டோம். மராட்டியர் பார்த்துக்கொள்வார்கள் என்று நாமும், அரசு பார்த்துக்கொள்ளும் என்று அவர்களும்.

ஒதுங்கினோம் என்பதுகூட முழு உண்மையில்லை. மில்கள் போய் டவர்கள் வந்தபோது வொர்லி, பரேல் பக்கம் பார்க்கிங்குக்காகப் பாறையைக் குடைந்தார்கள். அந்தக் குழிகளில் மேஸ்திரியாக, சைட் இன்ஜினியராக, சப்-கான்ட்ராக்டராக நம் ஆட்களும் நின்றார்கள். வெட்டியெடுத்த கல்லை லோடு கணக்கில் எண்ணினோம். ஏடாகப் பிரிந்த கறுப்புக் கல் வந்தால் அது ஜல்லிக்கு ஆகாத கழிவு. அதையும் டம்பரில் ஏற்றி, எங்கே பள்ளம் தூர்க்க ஆள் கேட்டார்களோ அங்கே கொட்டிவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கினோம்.