சிம்பலின் வயதைச் சொல்லும் முத்திரை

டிரம்ஸ் பழகப் போகிறேன் என்று பிள்ளை நிற்கிற வீடுகளுக்கு இந்த மாதப் பத்தி. மிருதங்க வகுப்புக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளையும் பத்து வயசு தாண்ட, பள்ளிக்கூட இசைக்குழுவைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும். டிரம் செட்டை வாடகைக்கு எடுக்கலாம், ஆரிடமாவது இரவல் வாங்கலாம். சிம்பல்தான் கையைக் கடிக்கும். நல்லது ஒன்றே சில நூறு யூரோ. அதனால் பழசு தேடுகிறோம். தேடினால், "இது அறுபது வருசப் பழசு, அதுதான் இந்த விலை" என்பார்கள். அந்த வயது உண்மையா என்று பார்க்கத் தெரிந்திருந்தால் காசு மிஞ்சும்.

இத்தாலியனில் சிம்பலுக்குப் பெயர் 'பியாத்தி', அதாவது தட்டுகள். சாப்பாட்டுத் தட்டுக்கும் அதே சொல்தான். துருக்கியில் 'ஸில்'. அதைச் செய்கிறவர் 'ஸில்ஜி'. அதோடு ஆர்மீனியர்களின் குடும்பப்பெயர் விகுதியான 'யன்' சேர்ந்தால் ஸில்ஜியன், தாளம் செய்கிறவரின் பிள்ளை. 1623இல் கான்ஸ்டான்டிநோபிளில் அவெடிஸ் என்ற ஆர்மீனியர் தொடங்கிய தொழில் இன்றும் அந்தப் பெயரில் நடக்கிறது. உலோகம் நமக்குத் தெரிந்த வெண்கலம்தான்: செம்பு 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு.

முதலில், எண்களை நம்பாதீர்கள். ஸில்ஜியன் சிம்பலில் 1623 என்று இருந்தால் அது நிறுவனம் தொடங்கிய ஆண்டு, தட்டுச் செய்த ஆண்டு அல்ல. சுவிட்சர்லாந்தின் பைஸ்ட்டே நிறுவனத்துக்கு '2002' என்று ஒரு வரிசை இருக்கிறது. அது வெளிவந்தது 1971இல். 2002ஆம் ஆண்டுத் தட்டு என்று நினைத்து அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறவரும் இருக்கலாம், அது வாங்குகிறவரின் அதிர்ஷ்டம். ஊர்ப்பெயரும் அப்படித்தான். 'கான்ஸ்டான்டிநோபிள்' என்று கண்டவுடன் ஒட்டோமான் காலத்துத் தட்டு என்று துள்ளக்கூடாது. அந்தப் பெயரில் ஒரு வரிசையை 1990களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் செய்து விற்கிறார்கள்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? பெயர் உலோகத்தில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள்.

பழைய காலத்தில் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பதித்தார்கள். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். அமெரிக்க ஸில்ஜியன் 1929இல் தொடங்கியது. அதன் முத்திரையில் மேலே அரபு எழுத்தில் ஒட்டோமான் துருக்கிப் பெயர், கீழே ஆங்கிலத்தில் 'அவெடிஸ் ஸில்ஜியன் கோ', அதன் கீழே 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று இருக்கும். எழுத்தின் உயரம், அரபு எழுத்தின் புள்ளிகள், வரிகளுக்கு இடையிலான தூரம் எல்லாம் காலத்துக்குக் காலம் மாறின. சேகரிப்பாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து காலம் சொல்கிறார்கள். ஒரு அச்சு தேயும்வரை பாவித்தார்கள், சில வேளை இரண்டு மூன்று அச்சுகள் ஒரே காலத்தில் இருந்தன. அதனால் இந்த வழியில் பத்தாண்டைச் சொல்லலாம், சரியான ஆண்டைச் சொல்வது கஷ்டம். 1970களின் இறுதியில் பெரிய மை எழுத்து வந்தது. முதலில் உள்ளே நிரப்பாத எழுத்து, 1980களில் நிரப்பிய கறுப்பு எழுத்து. 1990களின் நடுப்பகுதியில் லேசரால் பொறித்த வரிசை எண் வந்தது.

மென்பொருள் எழுதுகிறவனுக்கு இது பழகின வேலை. ஒரு கோப்பு எப்போது வந்தது என்று தெரியாவிட்டால், அதற்குள் இருக்கிற மிகப் புதிய அடையாளத்தைத் தேடுவோம். கோப்பு அதற்கு முந்தினதாக இருக்க முடியாது. தட்டும் அப்படித்தான். லேசர் எண் இருந்தால் அது 1960ஆம் ஆண்டுத் தட்டு இல்லை, கதை முடிஞ்சுது. ஆனால் மறுபக்கம் இது வேலை செய்யாது. மை எழுத்து இல்லை என்பதால் பழசு என்று சொல்ல ஏலாது, மை அழிந்திருக்கலாம்.

பலெர்மோவில் பழம்பொருள் பார்க்கப் போகிறவர்களுக்கு ஞாயிறு பியாத்ஸா மரீனாவும், கதீட்ரலுக்குப் பின்னால் பப்பிரெத்தோவும் தெரிந்திருக்கும். போன வசந்தத்தில் நகரத்தின் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் மகனுக்கு 20 அங்குலத் தட்டு ஒன்று பிடித்துவிட்டது. "இஸ்தான்புல், 1950, பழைய கே" என்றார். விலை 400 யூரோ. அப்பாவும் கூட வந்திருந்தார். எண்பதுகளில் வந்து வீட்டு வேலை செய்து எங்களைப் படிப்பித்தவர். "தம்பி, வடிவாப் பார்த்து வாங்கு, நான் ஒரு மாசம் ஓடித்திரிஞ்ச காசு அப்ப இவ்வளவும் இல்லை" என்றார்.

கைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்துப் பார்த்தோம். அடித்த முத்திரைதான், பள்ளம் இருந்தது. ஆனால் அதில் 'இஸ்தான்புல்' என்று மட்டும் இருந்தது. 'கே'யும் இல்லை, 'ஸில்ஜியன்' என்ற பெயரும் இல்லை. இஸ்தான்புல்லின் கே ஸில்ஜியன் பட்டறை 1970களின் இறுதியில் மூடப்பட்டது. அங்கே சிறுவயதில் வேலை பழகிய மெஹ்மெட், அகோப் என்ற இருவர் 1980இல் 'இஸ்தான்புல்' என்ற பெயரில் தனியாகத் தொடங்கினார்கள். 1996இல் அகோப் இறந்தபின் நிறுவனம் இரண்டாகப் பிரிந்து, தட்டுகளில் 'இஸ்தான்புல் அகோப்', 'இஸ்தான்புல் மெஹ்மெட்' என்று வரத் தொடங்கியது. அப்படியானால் எங்கள் தட்டு அந்தப் பதினாறு வருசத்துக்குள் வந்திருக்க வேணும். வியாபாரி பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொன்னவர் அப்படிச் சொல்லியிருந்தார். முத்திரையைக் காட்டி மகனே இத்தாலியனில் விளங்கப்படுத்தினான். 190க்குக் கொடுத்தார். கையால் அடித்த நல்ல தட்டு, வெடிப்பு இல்லை.

இத்தாலித் தட்டுகளையும் தள்ளிவிடாதீர்கள். தொஸ்கானாவின் பிஸ்தோயாவில் இருந்த தாளப் பட்டறைகள் 1931இல் ஒன்றுசேர்ந்து 'யூஃபிப்' ஆனது. அந்தப் பெயர் இருந்தால் 1931க்குப் பிந்தியது என்பது உறுதி. தோல் வாருடன் சோடியாகக் கிடைப்பவை ஊர்த் திருவிழா இசைக்குழுவின் கைத்தட்டுகளாக இருக்கும்.

வாங்கினபின் ஒரு எச்சரிக்கை. அம்மாக்கள் பச்சைப் பாசியைக் கண்டால் புளியும் சாம்பலும் எடுத்துவிடுவார்கள். வேண்டாம். புளி, எலுமிச்சை, கடைப் பாலிஷ் எதுவானாலும் மை எழுத்தைத் துடைத்துவிடும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் அடித்த முத்திரையின் விளிம்பும் மழுங்கும். மழுங்கினால் வயது போச்சு, விலையும் போச்சு. ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: முத்திரை மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்கட்டும். விட்டத்தை அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, அதே தாளில் எழுதட்டும்.

இதையெல்லாம் செய்தபின் மகன் சாமியறைத் தாளத்தைத் தூக்கிப் பார்த்தான். "இதில ஒண்டும் எழுதேல்லையே?" திருக்கோலக்காவில் சம்பந்தப் பிள்ளைக்குச் சிவன் கொடுத்த பொற்றாளத்தில் ஐந்தெழுத்து பொறித்திருந்தது என்பது பெரியபுராணக் கதை. அந்தக் கோயில் அம்பாளின் பெயர் ஓசைகொடுத்த நாயகி. எங்கள் தாளத்தில் எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை. ஊரில் எந்தக் கன்னார் செய்தார், எந்த ஆண்டு, ஆர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அப்பம்மாவின் வாயில் மட்டும் இருக்கிறது. அவவுக்கு இப்போது 84 வயது.

முத்திரை இல்லாத பொருளுக்கு முத்திரை, தெரிந்தவர் சொல்கிற கதைதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாளமோ, குத்துவிளக்கோ, செம்போ இருக்கும். இந்தக் கிழமையே பெரியவர்களிடம் கேட்டு, ஆண்டு, ஊர், கொண்டுவந்தவர் பெயர் மூன்றையும் தமிழிலும் பிள்ளைகள் வாசிக்கிற மொழியிலும் ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். உலோகத்தில் கீற வேண்டாம், தாளே போதும்.