ஐந்து நாள் முந்திய இரங்கல்

2015 மார்ச் 18. திரு லீ குவான் யூ சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் மிகவும் கவலைக்கிடமாக இருந்த நேரம். பிரதமர் அலுவலகத்தின் இணையப்பக்கத்தைப் படம்பிடித்தது போன்ற ஒரு படம் அன்றிரவு கைப்பேசிகளில் சுற்றியது. அவர் காலமானார் என்றது அது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது.

குடும்பக் குழுக்கள் நம்பியதில் வியப்பில்லை. சிஎன்என்னும் சீனாவின் சிசிடிவியும் நம்பிச் செய்தி வெளியிட்டன, பிறகு மீட்டுக்கொண்டன. அதுதான் வியப்பு.

படத்தைச் செய்தவன் ஒரு மாணவன். வேறொருவரின் மறைவுக்கு அதே அலுவலகம் முன்பு வெளியிட்ட அறிவிப்பை மாதிரியாக வைத்துக்கொண்டான். பொய்ச்செய்தி தயாரிப்பது எவ்வளவு எளிது என்று நண்பர்களுக்குக் காட்டுவதற்காகச் செய்ததாம். காவல்துறை விசாரித்துக் கடுமையாக எச்சரித்தது. எனக்கு அந்தப் பையன்மேல் பெரிய கோபமில்லை. அவனிடம் செய்தி அறையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இவை எல்லாம் உள்ள நிறுவனங்கள், அசல் இணையப்பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அங்கே அப்படி ஓர் அறிவிப்பே கிடையாது.

'இரண்டு இடத்தில் உறுதிசெய்' என்பது ஊடகம் படிக்கும் எல்லாரும் முதலில் கற்கும் பாடம். அதைப் பலர் பாதிதான் புரிந்துகொள்கிறோம். பத்து ஊடகங்கள் ஒரே படத்தைப் பார்த்துச் சொன்னால் அது பத்து ஆதாரம் ஆகாது, ஒன்றுதான். ஆனால், "சிஎன்என்னே சொல்லிவிட்டதே" என்று அடுத்தவர் ஆரம்பித்தவுடன் அந்தப் படத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

சென்னையிலும் இது நடந்தது. 2016 டிசம்பர் 5 மாலையில் சில தமிழ்த் தொலைக்காட்சிகள் செல்வி ஜெயலலிதா மறைந்துவிட்டதாக அறிவித்தன. கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. சிகிச்சை தொடர்கிறது என்று மருத்துவமனை மறுத்தது. கொடி மீண்டும் மேலே ஏறியது. அவர் இரவு 11.30க்குக் காலமானார் என்ற அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகே வந்தது. ஊடகத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 75 நாள் மருத்துவமனையில் இருந்த முதல்வரை மக்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தகவல் தராத இடத்தில் வதந்திதான் செய்தி வாசிக்கும்.

"எப்படியும் நடந்ததுதானே, கொஞ்சம் முன்னால் சொன்னால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. திரு லீ மார்ச் 23 அதிகாலை 3.18க்குக் காலமானார். இடையில் ஐந்து நாள். உயிரோடு இருக்கும் அப்பாவுக்கு உலகமே இரங்கல் சொல்வதைக் கேட்கும் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியுமா?

2019இல் வந்த பொஃப்மா சட்டப்படி, இணையத்தில் ஒரு பொய்யை வெளியிட்டவரை அதன் பக்கத்திலேயே திருத்தத்தையும் போடச்சொல்லி உத்தரவிடலாம். வானொலியில் 'பக்கத்தில்' என்று ஓர் இடமே இல்லை. காலை 7.40க்குச் சொன்னதை 8.10க்குத் திருத்தினால், இடையில் காரை நிறுத்திவிட்டு அலுவலகம் போனவருக்கு அது கேட்காது. அவர் அங்கே நாலு பேரிடம் சொல்லியும் இருப்பார், எங்கள் நிலையத்தின் பெயரோடு.

வாயால்தான் சொல்லவேண்டும் என்பதும் இல்லை. தலைவர் ஒருவர் மருத்துவமனையில் இருக்கும் நாளில் குத்துப்பாட்டைப் பாதியில் நிறுத்தி வீணை இசையைப் போட்டாலே போதும், நேயர்கள் முடிவுகட்டிவிடுவார்கள். 'உறுதிப்படுத்தப்படாத தகவல்' என்று சொல்லிவிட்டு வதந்தியைப் படிப்பதும் எனக்கு ஒப்பாத வழக்கம். முதல் சொல் காற்றில் போய்விடும், வதந்தி மட்டும் நிற்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் நேயர்கள் அழைத்துக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: கடைசி அதிகாரபூர்வ அறிக்கை எத்தனை மணிக்கு வந்தது, அதில் என்ன இருந்தது. பிறகு அடுத்த பாடல். பட்டியலில் என்ன இருக்கிறதோ, அதே பாடல்.