மின்குமிழ் மீது பழி போடாதீர்கள்

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மின்குமிழை மாற்றுவது, மாற்றியும் சரிவராவிட்டால் மின்சாரம் வழங்குவோரைத் திட்டுவது. பழைய வீடுகளில் வாழும் நம்மவர் பலரின் மின்னியல் அறிவு இவ்வளவோடு முடிந்துவிடுகிறது.

புலம்பெயர்ந்த பிள்ளைகளின் பணத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகள் பல இன்று புதுக்கோலம் பூணுகின்றன. தரைக்கு மாபிள், சுவருக்கு வர்ணம், கூரைக்குக் கீழே அலங்கார விளக்குகள். அவற்றுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகள் மட்டும் பாட்டன் காலத்தவை. றப்பர் உறையிட்ட கம்பியாயின் உறை காய்ந்து வெடித்திருக்கும். 1990களில் குடாநாடு மின்சாரமின்றி இருண்டுகிடந்தபோது, பூட்டிய வீடுகளின் முகட்டில் எலியும் அணிலும் சும்மா இருந்திருக்குமா?

ஒரு விளக்கு மட்டும் துடித்தால் குறை பெரும்பாலும் குமிழிலோ, அதன் தாங்கியிலோ, ஆளியிலோதான். நீர்ப்பம்பி இயங்கும்போதெல்லாம் பல விளக்குகள் மங்கினால், எங்கோ இணைப்புத் தளர்ந்திருக்கிறது அல்லது கம்பி மெல்லியது. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் கண்கூசவும் சில மங்கவும் எரிந்தால், நியூட்ரல் எனப்படும் நொதுமல் கம்பி அறுந்திருக்கலாம். 230 வோல்ற்றுக்குச் செய்த பொருட்கள்மீது ஏறத்தாழ 400 வோல்ற் வரை பாயக்கூடிய நிலை அது. உடனே மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். அணைத்த பின்னும் எல்.ஈ.டி. விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால் அதையும் அலட்சியம் செய்யலாகாது. காரணம் அற்பமானதாக இருக்கலாம். ஆளியை உயிர்க்கம்பியில் இணைக்காமல் நொதுமலில் இணைத்ததாகவும் இருக்கலாம். பின்னதாயின், ஆளியை அணைத்துவிட்டுக் குமிழ் மாற்றுபவரின் கை உயிருள்ள மின்சாரத்தின் அருகே இருக்கிறது.

இந்த எச்சரிக்கைகளுக்கு நாம் செய்யும் மறுமொழி என்ன? உருகி அடிக்கடி எரிந்தால் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் நனைந்து ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், அதை விலக்கி நேரடியாக இணைக்கச் சொல்கிறோம். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்க வந்த கருவி அது. காவல் நாய் குரைக்கிறது என்பதற்காக அதைக் கொன்றுவிட்டு நிம்மதியாக உறங்கும் புத்திசாலித்தனம் இது.

"இத்தனை காலம் ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். அந்தக் காலத்தில் அந்தக் கம்பிகள் சுமந்தவை நான்கு குமிழ்களும் ஒரு வானொலியும். இன்று குளிர்சாதனப்பெட்டி, நீர்ப்பம்பி, மின்னழுத்தி, குளிரூட்டி அத்தனையும் அவற்றின் தலையில்தான். செலவு அதிகம் என்பார்கள். மாபிளுக்குச் செலவழிக்கும்போது இந்தச் சிக்கனம் எங்கே போயிற்று?

தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளின் காப்பையும் புவியிணைப்பையும் சோதித்த பிறகே சுவரைப் பூசவேண்டும். இந்த வீடுகள் பலவற்றில் இன்று வாழ்பவர்கள் முதிய பெற்றோர். ஆகவே பிள்ளைகளே, அடுத்தமுறை தொலைபேசியில் சுவரின் நிறத்தை விசாரிக்குமுன், ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுகிறதா என்று விசாரியுங்கள்.